பதினெட்டு வாளித் தண்ணீர்

ஆவுடையம்மாளுக்கு வேன் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த வெள்ளை வேனின் கியர்க் கம்பி எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று அவள் அளவுக்குத் தெரிந்தவர் மட்டாஞ்சேரியில் வேறு யாரும் இல்லை. நாலு மாதமாக அவள் கண் அந்தக் கம்பியின் மேலேதான் இருந்தது.

பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. முன்னறையில் நாலு கிரைண்டர். இட்லி மாவும் தோசை மாவும் அரைத்து, மூடி போட்ட பெரிய வாளிகளில் நிரப்பி, காலை ஏழு மணிக்கு வேனில் ஏற்றுவார்கள். வாளிக்கு இருபது கிலோ வீதம் பதினெட்டு வாளி. தூரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் என்று கணக்கு. தோப்பும்படிப் பாலம் ஏறி எறணாகுளம் போய், பிராட்வே பக்கத்து ஹோட்டல்களில் முக்கால்வாசியை இறக்கிவிட்டு, திரும்பி வரும் வழியில் தோப்பும்படி மெஸ்ஸுக்கும் ஜூ டவுன் சாயாக்கடைக்கும் மிச்சத்தைக் கொடுப்பார்கள். வேனை ஓட்டுவது அவள் கணவன் சுடலைமணி. அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் பின்னால் திரும்பிப் பொங்கும் மாவின் மூடிகளை அமுக்கிக்கொண்டே போவாள். கியர்க் கம்பி அவளுடைய முழங்காலை ஒட்டித்தான் நிற்கும்.

அவள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவள், இருபத்துநாலு வருஷமாக இங்கேதான். மலையாளம் எல்லாம் புரியும். வாயைத் திறந்து பேசினால் தப்பாகிவிடுமோ என்று பேசமாட்டாள். தமிழிலும் அவள் பேச்சு குறைவுதான். வந்த புதிதில் ஒருமுறை பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனபோது, கண்டக்டரைக் கூப்பிட வெட்கப்பட்டு இடக்கொச்சி வரை போய், அங்கிருந்து நடந்தே திரும்பி வந்தாள். சுடலைமணி அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். பேசாதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். எந்த ஹோட்டலில் மாவை இறக்கி வெயிலில் வைக்கிறார்கள், எந்த மெஸ்ஸில் பழைய மாவோடு புது மாவைக் கலக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஓணம் கழிந்து இரண்டு வாரத்தில்தான் முதல் தடவை நடந்தது. பாலத்தில் பாதி ஏறியிருந்தார்கள். இரண்டாவது கியரில் இருந்த கம்பி, யாரும் தொடாமலே 'டக்' என்று துள்ளி நடுவில் வந்து நின்றது. இஞ்சின் மட்டும் பெரிதாக இரைந்தது, வேன் நகரவில்லை. சுடலைமணி பிரேக்கை மிதித்து, கியரை மறுபடி போட்டு, ஏறிவிட்டான்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்லட்டி. சரியா விழாம இருந்திருக்கும்."

நாலு நாள் கழித்துப் பிராட்வே சிக்னலில் வேறு மாதிரி. பச்சை விழுந்ததும் முதல் கியர் போடப் போனான். 'கர்ர்ர்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போகவே மாட்டேன் என்றது. பின்னால் எல்லா ஹாரனும் ஒன்றாக அடித்தன. இரண்டு தடவை முயன்ற பிறகு விழுந்தது. அப்புறம் பத்து நாள் வேன் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மறந்துபோன நேரம் பார்த்து மறுபடி பாலத்தில் துள்ளியது.

சுடலைமணி கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினாலு வருஷம் லாரி ஓட்டியவன். செங்கோட்டை மலைப் பாதையில் சிமெண்டு லோடு ஏற்றி ஏறி இறங்கியவன். இந்தச் சின்ன வேன் தன்னை இப்படி நடுரோட்டில் நிறுத்துவது அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் இஸ்மாயிலிடம் கொண்டுபோனான்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேனை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோகும் முன் வாளி எல்லாவற்றையும் இறக்கி, பின்பக்கத்தை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். மாவு சிந்திப் புளித்த வேனின் நாற்றம் அவர்களுக்குப் பழகிப்போனது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒருத்தர் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது அவர் முகத்தில் புளித்த மாவுத் தண்ணி சொட்டக் கூடாது என்பது சுடலைமணியின் கொள்கை. கழுவிக் காயவைத்து, ஒரு ஊதுபத்தியும் கொளுத்தி வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போவான். பெண் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கும் வேன்.

இஸ்மாயிலின் ஒர்க்ஷாப் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் பின்புறம். தாத்தா காலத்தில் தென்காசியிலிருந்து வந்து மட்டாஞ்சேரியிலேயே நிலைத்துவிட்ட குடும்பம். ஐம்பத்தைந்து வயது. சுடலைமணிக்கு அவர் 'இக்கா', அண்ணன் மாதிரி. அவர் தமிழில் பாதி மலையாளமாக இருக்கும். அவர் வேனை எடுத்து ஒரு சுற்றுப் போய்வந்தார். குறை எதுவும் தெரியவில்லை. கியர் ஆயில் பார்த்தார்; குறைவாக இருந்தது, மாற்றினார்.

"வண்டிக்கு ஒரு சூக்கேடும் இல்ல மணி. பூப்போல ஓடுது."

"இக்கா, கியர் சதி செய்யுது. நடுரோட்டுல நிறுத்திருது."

"எப்ப?"

"அது எப்ப வேணும்னாலும்."

ஆவுடையம்மாள் வெளிச்சுவரை ஒட்டி நின்றிருந்தாள். எப்ப வேணும்னாலும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். துள்ளி வெளியே வருவது ஏற்றத்தில் மட்டும். அதுவும் போகும்போது மட்டும். உள்ளே போகாமல் கடிப்பது சமதளத்தில். அதுவும் கொஞ்ச நேரம் நின்று கிளம்பும்போது. ஆம்பிளைகள் இரண்டு பேர் வண்டியைப் பற்றிப் பேசும் இடத்தில் போய் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சுக்கு மூட்டைகளின் காரம் மூக்கில் ஏற, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் மறுபடி கழுவி, மறுபடி ஊதுபத்தி வைத்து, மறுபடி கொண்டுபோனார்கள். கிளட்ச் முழுதாக அழுந்தாவிட்டால் கியர் கடிக்கும் என்று இந்தத் தடவை கிளட்ச் கேபிளை மாற்றினார் இஸ்மாயில். பழைய கேபிளைக் கையில் வைத்துப் பார்த்து, "இதுவும் அவ்வளவு மோசம் இல்ல. ஆனா நீ சொல்றியே, மாத்தியாச்சு" என்றார்.

புது கேபிள் போட்ட மூன்றாம் நாள் பிராட்வேயில் கியர் மறுபடி பல்லைக் கடித்தது. ஹோட்டலின் பின்வாசலில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற விக்கி, அங்கே ஸ்டோர் பார்க்கும் இளைஞன், கை தட்டிச் சிரித்தான்.

"மணிச்சேட்டா! காலையிலேயே எத்தனை பெக்? கியர் எங்க இருக்குன்னு தெரியலையா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். சுடலைமணி எட்டு வருஷமாகக் குடிப்பதில்லை. ஒருநாள் விட்டான், விட்டதுதான். வாளிகளைத் தடதடவென்று இறக்கி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தான். வெண்டுருத்திப் பாலம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினான்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்லா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் சொல்லியிருக்கலாம்தான். நெஞ்சுக்குள் சொல்லவும் செய்தாள். அது வெளியே வரவில்லை.

அந்த வண்டியில் இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அரைமணி ஓடினால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தகரம் கொதிக்கும். ஆவுடையம்மாள் தன் வலதுகாலைத் தள்ளித் தள்ளிக் கதவுப் பக்கமாக ஒடுக்கிக்கொள்வாள். சுடலைமணியின் இடதுகால் அந்தத் தகரத்தில் சாய்ந்தபடியே இருக்கும்.

"சுடவே இல்லையா உங்களுக்கு?"

"லாரி இஞ்சின் சூட்டைப் பாத்தவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா? பழகிப்போச்சுட்டி."

அப்படிச் சொன்ன வாரம்தான் தோப்பும்படி மெஸ்ஸின் படியில் அவன் இடதுகால் செருப்பை விட்டுவிட்டு வந்தான். மெஸ்காரி பிறகு கொடுத்தனுப்பினாள். மறதி என்று நினைத்தாள் ஆவுடையம்மாள். மகள் தன்யா, பிளஸ் டூ படிப்பவள், "அப்பாக்கு ஒரு கால் செருப்பு மட்டும் ஜாஸ்தி" என்று கேலி செய்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழரை மணி. பாலத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறின. முக்கால் ஏற்றத்தில் கியர் துள்ளியது. சுடலைமணி பிரேக்கை மிதித்தான், வேன் நின்றது. முதல் கியர் போட்டான், கடித்தது. இன்னொரு தடவை, கடித்தது. மூன்றாம் தடவை பிரேக்கிலிருந்து கால் எடுத்த நொடியில் வேன் பின்னுக்கு உருண்டது. ஆவுடையம்மாள் மூடிகளைப் பிடிக்கத் திரும்பியிருந்தாள். பின்கண்ணாடி வழியாக ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. ஓட்டியவள் முன்னால் பள்ளிக்கூட உடுப்பில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண் வேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது; வருகிறது என்று அதற்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. அவள் வாய் திறந்ததை ஆவுடையம்மாள் பார்த்தாள்.

வேன் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்தான். ஸ்கூட்டரின் முன்சக்கரத்துக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

கூட்டம் கூடியது. கத்தினார்கள். ஒருத்தர் வந்து சுடலைமணியின் வாயை முகர்ந்து பார்த்தார். ஸ்கூட்டர்காரி மட்டும் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள். அதுதான் ஆவுடையம்மாளைத் தின்றது. திட்டியிருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சுடலைமணி வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கே சந்தேகமா இருக்குட்டி. வண்டியா, நானா?"

"ஏன் அப்படிச் சொல்லுதிய?"

"ரெண்டு தடவை இஸ்மாயிலிக்கா ஓட்டிப் பாத்துட்டார். ஒண்ணுமே இல்லங்கார். நான் ஏறினா மட்டும்தானே வருது. நான்தான் கோளாறுன்னா, சாவியை ஆணியில மாட்டிட்டு உக்காந்துர வேண்டியதுதான். வேற என்ன தெரியும் எனக்கு?"

வண்டியாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். இரும்புக்குத்தானே கேடு, இரும்பை மாற்றலாம். வேண்டிக்கொண்டே யோசித்தாள். இஸ்மாயில் ஓட்டும்போது ஏன் வரவில்லை? போகும்போது வருகிறது, திரும்பும்போது வருவதில்லை. போகும்போது பதினெட்டு வாளி. திரும்பும்போது நாலோ ஐந்தோ. ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த வேன். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு அவன் சட்டையை மட்டும் வைத்தியரிடம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

"ஏங்க. மாவோடயே கொண்டுபோய்க் காட்டணும்."

"மாவோடயா? அங்க மூணு மணி நேரம் நின்னா பொங்கி வழிஞ்சு, இக்கா தலையில ஊத்தும்."

"அப்ப தண்ணி. வாளியெல்லாம் சும்மாதானே கிடக்கும். தண்ணியை நிரப்புவோம். பாரம் ஒண்ணுதானே."

சுடலைமணி அவளை நிமிர்ந்து பார்த்தான். "நாலு மாசமா இதைச் சொல்லாம எங்கட்டி வச்சிருந்த?"

அடுத்த நாள் மாவை ஆட்டோக்களில் அனுப்பிவிட்டு, வீட்டில் இருந்த மாற்று வாளிகளையும் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய வாளிகளையும் சேர்த்துப் பதினெட்டிலும் தண்ணீர் பிடித்தார்கள். வேனைக் கழுவவில்லை. ஊதுபத்தியும் இல்லை. இஸ்மாயில் பின்கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யா ரப்பே! இதென்ன மணி, கிணத்தையே எடுத்திட்டு வந்தியா?"

"உங்க தங்கச்சிதான் இக்கா. பாரத்தோட பாக்கணுமாம்."

இஸ்மாயில் சுவரோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். "இங்க வா தங்கச்சி. நீ சொல்லு. இவன் சொல்றது ஒண்ணும் எனக்கு மனசிலாகல. கியர் உள்ள போகாம நிக்குதா, இல்ல போனது வெளிய சாடுதா?"

அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகினாள். ஸ்கூட்டரில் நின்ற சின்னப் பெண்ணின் முகம் வந்தது.

"ரெண்டும்" என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை என்று மறுபடி சொன்னாள். "ரெண்டும் வருது. ஏத்தத்துல, லோடு இருக்கும்போது, ரெண்டாவது கியர் தானா வெளிய வருது. லோடு இல்லாம ஒருநாளும் வந்ததில்ல. உள்ள போகாம கடிக்கிறது வேற. அது சமதளத்துலயும் வரும். லோடு இருந்தாலும் வரும், இல்லாட்டாலும் வரும். அதுக்கு ஒரு முறை இல்ல."

இஸ்மாயில் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டார். "எடா மணி, இத்தனை நாள் நீ எதுக்கு வந்த? இவளையல்லவா அனுப்பியிருக்கணும்!"

இஸ்மாயில் ஓட்ட, சுடலைமணி பக்கத்தில் உட்கார, ஆவுடையம்மாள் பின்னால் வாளிகளுக்கு நடுவில் குந்திக்கொண்டாள். பாலத்தில் பாதி ஏறும்போது இஸ்மாயிலின் கைக்குப் பக்கத்திலேயே கம்பி துள்ளியது. 'டக்'.

"கண்டேன்! கண்டேன்டா!" என்று கத்தினார் இஸ்மாயில். சுடலைமணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. "வண்டிதான்ட்டி. வண்டிதான்" என்று மூடிய கைக்குள்ளிருந்து சொன்னான்.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியதும் தண்ணீரை இறக்க விடவில்லை இஸ்மாயில். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தார். டார்ச்சோடு பக்கவாட்டில் தரையில் படுத்துக்கொண்டார்.

"மணி, நீ ஏறி உக்காரு. ரெண்டாவதுல போடு. ஹேண்ட் பிரேக் கெடக்கட்டும். நான் சொல்லும்போ கிளட்சை மெல்ல, மெல்ல விடு. வண்டி இழுக்கணும், ஆனா ஓடக் கூடாது. கியர்பாக்ஸ் எந்தப் பக்கம் சாயுதுன்னு நான் பாக்கணும்."

சுடலைமணி ஏறினான். கியர் போட்டான், கடித்து, பிறகு விழுந்தது.

"ம். விடு. மெல்ல."

வேன் ஒரு முட்டு முட்டித் தாவியது. முன்சக்கரம் கல்லில் ஏறப் பார்த்து நின்றது, இஞ்சின் அணைந்தது. பின்னால் நாலு வாளி மூடி தெறித்துத் தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. இஸ்மாயில் உருண்டு விலகிவிட்டார்.

"எடா! கொல்றியா? மெல்ல விடுன்னு சொன்னேன்!"

"மெல்லத்தான் இக்கா விட்டேன்!"

அவன் பொய் சொல்லவில்லை. அவன் குரலை ஆவுடையம்மாளுக்குத் தெரியும். மெல்லத்தான் விட்டதாக அவன் நம்பினான். அவள் திறந்திருந்த டிரைவர் கதவருகே நின்றிருந்தாள். நாலு மாதமாகக் கியர்க் கம்பியையே பார்த்தவள், முதல் தடவையாகக் கீழே பார்த்தாள். அவனுடைய வலதுகாலில் செருப்பு இருந்தது. இடதுகால் வெறும் கால். அந்தச் செருப்பு ஒர்க்ஷாப் நடுவில், ஆயில் கறை மேல், அவன் ஏற வந்த வழியில் குப்புறக் கிடந்தது. கழன்றது அவனுக்குத் தெரியவில்லை.

கொதிக்கும் தகரத்தில் சாய்ந்திருந்த அதே கால். மெஸ் படியில் செருப்பை விட்டு வந்த அதே கால். கிளட்சை மிதிக்கிற கால்.

மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள்; கவனிக்காவிட்டால் கால் மரத்துப்போகும் என்றும் சொன்னார்கள். மாத்திரையைச் சாப்பிடும் நாளும் உண்டு, மறக்கும் நாளும் உண்டு. அவள் குனிந்து செருப்பை எடுத்துத் தன் சேலையில் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை இஸ்மாயில் தன் கடையின் வேறொரு மெக்கானிக்கை உட்கார வைத்தார். அந்த ஆள் கிளட்சை விட, வேன் இழுத்துப்பிடித்து முனகியது. டார்ச் வெளிச்சத்தில் இஸ்மாயில் கண்டுபிடித்துவிட்டார்.

"வா, வந்து பாரு. கியர்பாக்ஸைத் தாங்குற ரப்பர் இது. நடுவுல கீறியிருக்கு. வண்டி சும்மா நின்னா வாயை மூடிக்கிட்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். பாரத்தோட இழுக்கும்போ பிளக்குது, பெட்டி சாயுது, கம்பியும் கூடப் போகுது. பின்ன கியர் எப்படி நிக்கும்?"

புது ரப்பர் வாங்கி வந்து மாட்ட மதியம் தாண்டியது. அவ்வளவு நேரமும் சுடலைமணி யாரோடெல்லாமோ பேசிச் சிரித்தான். சுக்குக் கிடங்குத் தொழிலாளிகளுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தான். விக்கிக்குப் போன் போட்டு, "வண்டிடா, வண்டி! பெக்காம்ல பெக்கு!" என்று கத்தினான். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த முகம் திறந்திருந்தது. ஆவுடையம்மாள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, மடியில் செருப்பை மூடி வைத்திருந்தாள். அவன் இன்னும் அதைத் தேடவில்லை.

இன்றைக்கு மட்டும் அவன் சந்தோஷமாக இருக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு மனம். நாளைக் காலை ஏழரை மணிக்குப் பாலத்தில் எத்தனை ஸ்கூட்டர் ஏறும் என்று இன்னொரு மனம்.

தண்ணீர் பாரத்தோடு இஸ்மாயில் மறுபடி பாலம் ஏறி இறங்கி வந்தார். கம்பி அசையவில்லை. சாவியைச் சுடலைமணி கையில் கொடுத்தார்.

"சாடுறது போச்சு. ஆனா அந்தக் கடிக்கிறது என்னன்னு எனக்கு மனசிலாகல மணி. நான் ஓட்டினா ஒரு தடவையும் கடிக்கல. கேபிளும் புதுசு."

"அதுவும் இந்த ரப்பராலதான் இக்கா. விடுங்க" என்றபடி சுடலைமணி ஏறி உட்கார்ந்தான்.

ஆவுடையம்மாள் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஒர்க்ஷாப்பில் ஆறு ஆண்கள் நின்றிருந்தார்கள். கிடங்கு வாசலில் இன்னும் நாலு பேர். அவள் தரையில் குத்துக்காலிட்டு, கிளட்சின் மேல் இருந்த அவன் இடது பாதத்தைப் பிடித்தாள். பெருவிரலை விரல் நகத்தால் அழுத்தினாள். சுடலைமணி இஸ்மாயிலைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு வீட்டுக்கு வரணும் இக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் பலமாக அழுத்தினாள். நகம் பதிந்தது. "தன்யா நல்லா வைப்பா" என்றான் அவன்.

இஸ்மாயில் அவனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள் அவள். "நான் உங்க காலைப் பிடிச்சிருக்கேன்."

சுடலைமணி குனிந்து பார்த்தான். அவள் கையையும் அதற்குள் இருந்த தன் பாதத்தையும் பார்த்தான். அவள் மடியிலிருந்து செருப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"காலையில கழண்டுச்சு. உங்களுக்குத் தெரியல."

"எப்ப?"

"நீங்க ஏறும்போது. இக்கா கீழ படுத்திருக்கும்போது."

அவன் இஸ்மாயிலைப் பார்த்தான். இஸ்மாயில் தரையைப் பார்த்தார். ரோட்டில் ஒரு மூட்டை வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போனது. சுடலைமணி சாவியைப் பிடுங்கினான். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான். பிறகு ஜன்னல் வழியாக இஸ்மாயிலிடம் நீட்டினான்.

"நீங்க கொண்டு விடுங்க இக்கா."

வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு இஸ்மாயில் நடந்தே திரும்பினார். போகும்போது, "தாலூக்கா ஆஸ்பத்திரியில காலுக்குன்னு தனியா ஒரு நாள் பாக்கறாங்க. எந்த நாள்னு விசாரிச்சுச் சொல்றேன். சர்க்கரைன்னு செல்லப் பேரு வச்சுக் கூப்பிட்டு நோயை வீட்டுல வச்சுக்காத" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

சுடலைமணி முன்சீட்டிலிருந்து இறங்கவில்லை. நாளைக்கு மாவு போயாக வேண்டும். அவன் போனை எடுத்தான், பேர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தான், யாரையும் கூப்பிடவில்லை. ஆவுடையம்மாள் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். இருபத்துநாலு வருஷத்தில் எந்த ஹோட்டலுக்கும் அவள் போன் செய்ததில்லை.

"ஹலோ, மணிச்சேட்டா! என்ன, வண்டி கொண்டாட்டமா?" விக்கியின் குரல்.

"நான் ஆவுடையம்மாள் பேசுதேன். நாளையிலேருந்து மாவு ஆட்டோவுல வரும்."

"அய்யோ சேச்சி, வண்டி சரியாயிடுச்சுன்னு சேட்டன் இப்பத்தானே சொன்னாரு?"

"வண்டி சரியாயிடுச்சு" என்றாள். வைத்துவிட நினைத்தாள். வைக்கவில்லை. "அவிய எட்டு வருஷமா குடிக்கிறதில்ல தம்பி. இனி அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். பிறகுதான் வைத்தாள்.

வாசலில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சுடலைமணி இறங்கி, வாளிகளை ஒவ்வொன்றாகக் காலிசெய்துகொண்டிருந்தான். காலை முழுதும் வேனுக்குள் வெயிலில் சூடேறி, மேல் அடுக்கு வாளிகளின் தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது. அடியில் இருந்தது குளிர்ந்திருந்தது. அவன் ஒரு வாளியை வலதுகால் மேல் சாய்த்தான். அடுத்ததை இடதுகால் மேல் சாய்த்து, சூடா குளிரா என்று பார்த்தான். நின்றான். மறுபடி ஒரு வாளியை எடுத்தான்.

அவள் கதவோரம் நின்று பார்த்தாள். பதினெட்டும் தீரும் வரை அவன் அப்படியே மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான். சந்து முழுதும் தண்ணீர் ஓடியது.